ஏட்டில் பெயரற்றவர்கள்: ஜப்பானியச் சூஜியும் காயங்குளம் கொச்சுண்ணியும்

சட்டம் தண்டித்த ஒருவனை மக்கள் கொண்டாடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். இவ்வழக்கத்தின் காரணம் யாது, அக்கொண்டாட்டம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். இதற்கு இரண்டு மனிதர்களின் கதைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஜப்பானின் குனிசாதா சூஜி. சூதாடி, ஊர்சுற்றி, அரசுக்கு அடங்காதவன். மற்றவன் திருவிதாங்கூரின் காயங்குளம் கொச்சுண்ணி. திருவனந்தபுரத்துச் சிறையில் உயிர் நீத்த கொள்ளைக்காரன். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். இருவரும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே மாண்டனர். இருவரும் பின்னர்த் திரைப்பட நாயகர்களாக மறுபிறவி எடுத்தனர். பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு, ஊரைப் பிரிந்தவனின் கதையில் தனிப்பட்ட அக்கறை இருப்பதும் இயல்பே.

முதலில் ஜப்பானிய நாடோடிச் சூதாடிகள் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் மரபில் சூதாடிக்குப் பெரிய உதாரணம் நளன். புகழேந்தியின் நளவெண்பாவாலும், கேரளத்தில் உண்ணாயி வாரியரின் நளசரிதம் ஆட்டக்கதையாலும் அவன் கதை நமக்கு நன்கு தெரியும். அவன் சூதில் தோற்றதால் நாடிழந்து காட்டில் அலைந்தான். சூது காரணம், அலைச்சல் அதன் விளைவு. வள்ளுவரும் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி அதன் கேட்டை எடுத்துரைத்தார். ஜப்பானியச் சூதாடியின் கதையோ பெரும்பாலும் தலைகீழானது. அவன் முதலில் ஊரிழந்தான். ஊரிழந்தவனுக்கு வேறு பிழைப்பு இல்லாமையால் சூதாட்டக் களத்தில் வந்து சேர்ந்தான்.

ஊரிழப்பது எவ்வாறு நேர்ந்தது? 17-ஆம் நூற்றாண்டு முதல் தோக்குகாவா ஆட்சியினர் கிறிஸ்தவ சமயத்தைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பௌத்தக் கோவிலோடு இணைத்துப் பதிவேடு வைத்தனர். நாளடைவில் அதுவே மக்கள்தொகைக் கணக்காகவும் ஆயிற்று. குடும்பத்தில் ஒருவன் குற்றம் புரிந்தால் உறவினரும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. ஆதலின் தொல்லை தரும் மகனை முன்கூட்டியே கைவிட்டு, ஏட்டிலிருந்து அவன் பெயரை அடித்துவிடுவது குடும்பத்தார் கையாண்ட தற்காப்பு வழி. பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடியவர்களின் பெயர்களும் இவ்வாறே நீங்கின. அப்படிப் பெயர் நீங்கியவனை 'முஷுகு' என்றழைத்தனர். தங்குமிடம் அற்றவன் என்பது இதன் பொருள். அவன் குற்றமே செய்திராவிடினும் சந்தேகத்திற்குரியவன். 1790-இல் எடோ நகரத்து இஷிகாவா தீவில் இத்தகையோரை அடைத்து வேலை வாங்க ஒரு முகாமையே அரசு ஏற்படுத்தியது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 'அவுட்லா' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் யாது? கள்வன் என்றால் அவன் செய்யும் தொழிலைக் குறிக்கும். போக்கிரி என்றால் அவன் குணத்தைக் குறிக்கும். வழிப்பறிக்காரன் என்றால் அவன் செயலைக் குறிக்கும். ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளோ இவற்றுள் எதுவும் அன்று. சட்டத்தின் பாதுகாப்பு நீக்கப்பட்டவன் என்பதே அது. அவனை எவரும் அடிக்கலாம், கேட்பாரில்லை. 'முஷுகு' என்ற ஜப்பானியச் சொல் இப்பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது. அவன் செய்த தீமையை அன்று, அவனுக்குச் செய்யப்பட்ட விலக்கையே இவ்விரு சொற்களும் முதலில் சொல்கின்றன.

'யாகுசா' என்ற சொல்லும் சூதாட்டத்தில் பிறந்ததே. ஒருவகைச் சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டுகளைக் கூட்டி வரும் எண்ணின் கடைசி இலக்கமே மதிப்பாகக் கொள்ளப்படும். 8, 9, 3 ஆகிய மூன்றும் வந்தால் கூட்டுத்தொகை 20. கடைசி இலக்கம் சூனியம். 'யா', 'கு', 'சா' என்பன அம்மூன்று எண்களின் ஒலிகள். ஒன்றுக்கும் உதவாத கை என்ற பொருளே ஒன்றுக்கும் உதவாத மனிதன் என்று விரிந்தது. தம்மைத் தாமே இவ்வாறு அழைத்துக்கொண்டவர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இந்நாடோடிகளுக்குத் தமக்கென ஒழுங்குமுறைகள் இருந்தன. அகன்ற வைக்கோல் தொப்பியும், கோடிட்ட மேற்போர்வையும், இடையில் ஒற்றை வாளும் அவர்தம் கோலம். அயலூரில் ஒரு சூதாட்டத் தலைவனின் வாயிலுக்குச் சென்றால், குனிந்து நின்று தம் பிறந்த ஊர், தலைவன், பெயர் ஆகியவற்றை முறைப்படி ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் பிழைத்தாலும் போலி எனச் சந்தேகிக்கப்படுவர். ஏட்டில் பெயர் இல்லாதவனுக்கு அவ்வொப்புவிப்பே அடையாளச் சீட்டு. உள்ளே ஏற்கப்பட்டால் ஓர் இரவுத் தங்கலும் உணவும் கிடைக்கும். ஆனால் அதற்கு ஈடு உண்டு. அன்றிரவு அத்தலைவனுக்குச் சண்டை மூண்டால் விருந்தாளியும் வாளெடுக்க வேண்டும். முன்பின் அறியாதவனையும் கொல்ல வேண்டும். செஞ்சோற்றுக் கடன் என்று கர்ணன் கதையில் நாம் அறிந்ததை ஒரு வேளைச் சோற்றுக்கு விதித்தால் எப்படியோ, அப்படி.

இனிச் சூஜியைப் பார்ப்போம். அவன் 1810-இல் கோசுகே நாட்டின் குனிசாதா கிராமத்தில் பிறந்தான். இன்றைய குன்மா மாவட்டம் அது. பட்டுப்பூச்சி வளர்ப்பினால் அப்பகுதியில் ரொக்கப்பணம் புழங்கியது. பணம் புழங்கும் இடத்தில் சூதும் புழங்கியது. மேலும், அங்கே நிலப்பகுதிகள் பல பிரபுக்களுக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பங்கிடப்பட்டிருந்தன. ஒரு பிரபுவின் காவலர் அடுத்தவர் எல்லைக்குள் நுழைய இயலாது. குற்றவாளிக்கு ஓர் ஓடை தாண்டினால் போதும். இக்குறையை நீக்க 1805-இல் எல்லை கடந்து செல்லும் தனி அதிகாரிகளை அரசு நியமித்தது. இவர்களிடமிருந்து தப்பித் திரிந்தவன் சூஜி. 1830-களின் டென்போ பஞ்சத்தில் சூதாட்டப் பணத்தால் ஏழைகளுக்கு உணவளித்தான் என்பது அவனைப் பற்றி வழங்கும் கதை. ஓடோ என்னும் மலைச் சோதனைச் சாவடியை ஆயுதத்துடன் உடைத்துக் கடந்தது அவனுடைய பெருங்குற்றம். இறுதியில் பக்கவாதத்தால் வீழ்ந்து, படுக்கையிலேயே பிடிபட்டு, ஜப்பானியக் கணக்கில் 1850-ஆம் ஆண்டின் முடிவில் அதே ஓடோ சாவடியில் மரத்தில் அறையப்பட்டுக் கொல்லப்பட்டான்.

இவனை நாயகனாக வைத்து இதோ டைசுகே என்ற இயக்குநர் 1927-இல் 'சூஜியின் பயண நாட்குறிப்பு' என்ற மௌனப் படத்தை மூன்று பகுதிகளாக எடுத்தார். ஓகோச்சி டென்ஜிரோ சூஜியாக நடித்தார். அதற்கு முன் மேடையிலும் கதாகாலட்சேபங்களிலும் சூஜி வெல்லற்கரிய வீரன். இதோவின் படத்திலோ அவன் தோற்றுக்கொண்டே செல்லும் மனிதன். மது வடிக்கும் பெரிய கொட்டிலொன்றில் கணக்கனாக வேடம் பூண்டு ஒளிந்திருக்கிறான். அமைதியான வாழ்வு கைக்கெட்டும் போலிருக்கையில் வேடம் கலைந்து மீண்டும் ஓடுகிறான். இறுதிப் பகுதியில் கை அசையாமல் படுத்துக் கிடக்கிறான். சுற்றியிருப்போருள் காட்டிக்கொடுத்தவன் எவன் என்று தோழர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். வாள்வீச்சைக் காண வந்த மக்கள், வாளைத் தூக்கவும் இயலாத நாயகனைக் கண்டு கண்ணீர் விட்டனர். அவ்வாண்டின் சிறந்த படங்களை வரிசைப்படுத்திய 'கினேமா ஜும்போ' இதழின் பட்டியலில் இதன் இரண்டாம் பகுதி முதலிடம் பெற்றது.

பின்னர் இப்படமும் தலைமறைவாயிற்று. பல பத்தாண்டுகள் பிரதியே இல்லை என்று கருதப்பட்டது. முன்னர்ப் பார்த்தவர்களின் நினைவிலேயே அது பெரும்படமாக நிலைத்திருந்தது. 1991-இல் சிதைந்த பிரதி ஒன்று கிடைத்தது. இன்று காணக் கிடைப்பது இரண்டாம், மூன்றாம் பகுதிகளின் எஞ்சிய பாகங்களே. முதற்பகுதி ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டது.

இப்போது திருவிதாங்கூருக்கு வருவோம். கொச்சுண்ணியைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி கொட்டாரத்தில் சங்குண்ணி (1855–1937) தொகுத்த 'ஐதிஹ்யமாலை' என்னும் மலையாள நூலின் வழியே வந்தவை. அந்நூல் 1909 முதல் தொகுதி தொகுதியாக வெளியாயிற்று. கொச்சுண்ணி 1818-இல் காயங்குளத்தின் பக்கத்தே ஏழை முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தான். பசியின் கொடுமையால் சிறு வயதிலேயே கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தான். களரிப் பயிற்சி பெற்றான். வேலையை இழந்தபின் கொள்ளையில் இறங்கினான். உள்ளவர்களிடம் பறித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தான், சொன்ன சொல் தவறமாட்டான் என்பவை அவனைப் பற்றி வழங்கும் புகழுரைகள். அக்காலத்தில் காயலும் கால்வாயுமே நெடுஞ்சாலை. நெல்லும் தேங்காயும் பணமும் இரவு வள்ளங்களில் சென்றன. எல்லைத் துண்டுகள் சூஜிக்கு உதவியது போல, நீர்வழிகளின் சிக்கல் கொச்சுண்ணிக்கு உதவியது எனலாம்.

அவனும் காட்டிக்கொடுக்கப்பட்டான். அவன் நட்புக் கொண்டிருந்த பெண் ஒருத்தி உணவில் மயக்கமருந்து கலந்து கொடுத்ததால் முதலில் பிடிபட்டான் என்றும், தப்பி வந்து அவளைக் கொன்றான் என்றும், பிறகு தான் நம்பிய மனிதர்களாலேயே மீண்டும் அகப்பட்டான் என்றும் கதை செல்கிறது. திருவனந்தபுரத்துச் சிறையில் சுமார் மூன்று மாதம் கிடந்து, தம் 41-ஆம் வயதில், 1859-இல் இறந்தான் என்பது பொதுவாக வழங்கும் செய்தி. அவன் பூசப்புரை மத்தியச் சிறையில் இறந்ததாகப் பலர் எழுதுவதுண்டு. அச்சிறை நிறுவப்பட்டது 1886-இல். ஆகவே அது பொருந்தாது. கதை தன் நாயகனுக்குத் தெரிந்ததொரு கட்டடத்தைத் தேடிக்கொள்கிறது என்பதற்கு இது சிறு உதாரணம்.

மக்கள் ஏன் அவன் பக்கம் நின்றனர்? அக்காலத் திருவிதாங்கூர் எத்தகையது என்பதை எண்ணினால் விடை புலப்படும். அடிமைமுறை அங்கே 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் ஏற்றனர். கலகங்களுக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் உத்திரம் திருநாள் மன்னரின் அரசு அதற்கு இசைவளித்து அறிக்கை விடுத்தது. உடுக்கும் துணியே குற்றமாகக் கருதப்பட்ட நாட்டில், சட்டத்தை மீறியவன் எல்லாரும் கொடியவன் என்று எளியோர் எவ்வாறு நம்புவர்? நியாயமற்ற சட்டம் செய்யும் முதல் தீங்கு அப்பாவியைத் தண்டிப்பது; இரண்டாவது தீங்கு, உண்மைக் குற்றவாளிக்கும் தியாகியின் ஒளியை அளித்துவிடுவது.

அவ்வொளி வழிபாடாகவும் மாறியது. பத்தனம்திட்டை மாவட்டத்தில் கோழஞ்சேரிப் பக்கம் எடப்பாறை மலைதேவர் நடையில் கொச்சுண்ணியும் ஒரு தெய்வமாக வைத்து வணங்கப்படுகிறான். மதுரைவீரனையும் காத்தவராயனையும் கும்பிடும் தமிழர்க்கு இது வியப்பன்று. தண்டனையால் மாண்டவனைக் கோவிலில் வைப்பது நம் நாட்டுப்புற நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு.

திரையுலகமும் அவனை விடவில்லை. 1966-இல் பி. ஏ. தாமஸ் இயக்கிய 'காயங்குளம் கொச்சுண்ணி'யில் சத்யன் நாயகனாக நடித்தார். பாடகர் ஜேசுதாஸும் அதில் நடித்துள்ளார். 2018-இல் ரோஷன் ஆண்ட்ரூஸ் அதே பெயரில் பெரும் பொருட்செலவில் எடுத்த படத்தில் நிவின் பாலி கொச்சுண்ணியாகவும், மோகன்லால் இத்திக்கரைப் பக்கி என்னும் மற்றொரு கொள்ளையனாகவும் தோன்றினர். தமிழில் இவ்வகைக்குப் பெயர் பெற்றது 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் கதை. கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் எம்.ஜி.ஆரைக் கொண்டு எடுத்தார். தெலுங்கு, ஹிந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை படமாயிற்று. மலையாளத்தில் 'தஸ்கர வீரன்'. ஹிந்தியில் திலீப்குமார் நடித்த 'ஆசாத்'. நம் நேயர்களுள் வடக்கே வாழ்வோர் பலர் இக்கதையை அம்மொழியில் முதலில் கண்டிருக்கவும் கூடும்.

இங்கே ஒரு வேற்றுமை கருதத்தக்கது. மலைக்கள்ளன் உண்மையில் கொள்ளையனே அல்லன். கள்வன் என அஞ்சப்படும் நல்லவன். படம் முடியும்போது ஐயம் தீர்ந்து, நல்லவன் நல்லவனாகவே சமூகத்தில் சேர்ந்துவிடுகிறான். கொச்சுண்ணியும் திரைக்கு வரும்போது அவன் கைக்கறை பெரிதும் கழுவப்படுகிறது. பழங்கதையில் அவன் அடித்ததால் மாமியார் இறந்தாள். உடலைக் காயலில் அமிழ்த்தினான். காட்டிக்கொடுத்த பெண்ணையும் கொன்றான். கொள்ளைக்காரனின் கொடையைப் பாடுவோர் இவ்விரு பெண்களுக்காக ஒரு வரியும் பாடுவதில்லை. இதோவின் சூஜி கழுவப்படாத கையோடு, அதே கை செயலிழந்து கிடப்பதைப் பார்த்தவாறு மடிகிறான். கொன் இச்சிகாவா 1973-இல் எடுத்த நாடோடிச் சூதாடிகளின் படம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் வரும் மூன்று இளைஞர்கள் பசியோடு ஊர் ஊராய் அலைகின்றனர். அவர்களுள் ஒருவன், தங்கிய வீட்டுச் சோற்றுக் கடனுக்காகத் தன் தகப்பனையே கொல்லும்படி நேர்கிறது. மற்றொருவன் காலில் பட்ட காயத்தால் இசிவுநோய் கண்டு இறக்கிறான். வீரமரணம் எவனுக்கும் இல்லை. அலைவோரிடத்து இரக்கம் கொள்ள அவர்களை வீரர்களாக்க வேண்டியதில்லை என்பதே இவ்விரு படங்களும் உணர்த்தும் பாடம்.

இவ்வுண்மையைத் திருவனந்தபுரத்தின் சொந்தச் சரித்திரமே இன்னும் கூர்மையாக உரைக்கிறது. மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' இந்நகரில்தான் பிறந்தது. அதை எடுத்த ஜே. சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த தமிழர். சொத்தை விற்றுப் படமெடுத்தார். 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படும் அதன் முதற்காட்சி கேப்பிடல் கொட்டகையில் நடைபெற்றது. நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி என்னும் தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கலவரம் செய்தது. அவர் ஊரை விட்டே விரட்டப்பட்டார். பிறகு தமிழ்நாட்டில் தம் பழைய பெயரை மறைத்து வாழ்ந்து மறைந்தார். விகதகுமாரனின் பிரதி ஒன்றும் எஞ்சவில்லை. சூஜியின் படத்திற்குக் கிடைத்த மறுவாழ்வு அதற்குக் கிடைக்கவில்லை. டேனியலும் வறுமையில் வாடி 1975-இல் இறந்தார். கேரள அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது 1992-இல்.

ரோசி எவரையும் கொள்ளையிடவில்லை, எச்சட்டத்தையும் மீறவில்லை. எனினும் கொச்சுண்ணியை விடவும் முழுமையாகச் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவர் அவரே. அவரை விரட்டியவர்களைக் கேட்பாரில்லை. மொழிபெயர்ப்பில் நாம் தேடிய சொல்லின் பொருள் அவரிடம் முற்றும் பொருந்துகிறது. கொச்சுண்ணிக்குக் கதையும் படமும் கோவிலும் கிடைத்தன. ரோசியின் பெயரைப் பலரும் அறிந்தது பல பத்தாண்டுகள் சென்ற பிறகே. 2013-இல் வந்த 'செல்லுலாயிட்' என்ற படத்திற்குப் பின்னரே அவர் வரலாறு பரவலாகப் பேசப்பட்டது.

1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து, அயல்நாட்டுப் படங்களைப் பயிலும் பழக்கம் இந்நகரில் வேரூன்றியது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவும் இங்கேயே பெரும்பாலும் டிசம்பர் மாதங்களில் நடைபெற்று வருகிறது. எந்த நகரில் வாழும் நேயராயினும், இத்தகைய சங்கமோ விழாவோ அருகில் இருப்பின் ஜப்பானிய நாடோடிப் படங்களைத் தேடிக் காணலாம். காணும்போது மூன்று கேள்விகளை மனத்தில் கொள்வது நலம். இவன் பெயரை ஏட்டிலிருந்து அடித்தது யார், எதற்காக? இவன் கையால் துன்புற்றவர்கள் கதையில் எங்கே இருக்கிறார்கள்? இவனைப்போல் விரட்டப்பட்டும் வாளெடுக்காத காரணத்தால் கதையில் இடம்பெறாதவர்கள் யார்?

அயலூரில் குடியேறிய ஒவ்வொருவரும் குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் தம் பெயரை மீண்டும் மீண்டும் நிறுவிக்கொள்ள வேண்டியவரே. ஓர் ஏட்டில் பெயர் இருப்பதன் மதிப்பும் இல்லாமையின் அச்சமும் அவர்கள் அறிந்தவை. வாயிலில் குனிந்து நின்று ஊரும் பெயரும் ஒப்பித்த அந்த ஜப்பானியச் சூதாடியை அவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அப்புரிதல் வீரக்கதைகளோடு நின்றுவிடாமல், தம் ஊரிலும் தெருவிலும் பெயரற்று நிற்பவர்களிடத்தும் செல்லுமாயின், இப்படங்களைப் பார்த்ததன் பயன் கிட்டியதாகக் கொள்ளலாம்.